சர்வர் எழவில்லை, உள்ளே இருந்த கணினிகள் என்ன ஆயின?

திங்கட்கிழமை காலை. ஓர் அலுவலகத்தில் மின்னஞ்சல் வரவில்லை. கணக்கு மென்பொருள் திறக்கவில்லை. எல்லாரும் பயன்படுத்தும் பொதுக் கோப்புகளையும் காணோம். சர்வர் அறைக்குப் போய்ப் பார்த்தால், திரையில் ஒரே ஒரு செய்தி: தொடங்குவதற்கான வட்டு கிடைக்கவில்லை.

அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு சர்வர்தான். ஆனால் அதற்குள் எட்டுக் கணினிகள் இயங்கிக்கொண்டிருந்தன. மின்னஞ்சலுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று என எட்டும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. அப்படியானால், அவற்றில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த தரவு எல்லாம் அழிந்துவிட்டதா?

பெரும்பாலான நேரங்களில் இல்லை. கெட்டது சர்வரைத் தொடக்கிவைக்கும் சிறிய வட்டு மட்டும் என்றால், தரவு வேறு வட்டில் பத்திரமாக இருக்கக்கூடும். ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் அவசரப்பட்டுச் செய்யும் ஒரு தவறு அதையும் அழித்துவிடலாம். மாணவர்களே, இத்தகைய பழுதில் தொலைவது எது, தொலையாமல் இருப்பது எது, அதை எப்படி மீட்கிறார்கள் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

ஒரு பெட்டிக்குள் பல கணினிகள்

ஒரு கணினிக்குள் பல கணினிகளை இயக்குவது புதிய எண்ணம் அன்று. 1960களில் கணினியின் விலை மிக அதிகம். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையம், சிபி-40 என்ற மென்பொருளை உருவாக்கி 1967ல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி இருப்பது போன்ற தோற்றத்தை அது தந்தது. 1972ல் ஐபிஎம் இதையே விஎம்/370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கு வழங்கியது.

பின்னர் 1998ல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம், சாதாரணக் கணினிச் சில்லுகளிலும் இதைச் செய்து காட்டியது. 2007ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே கேவிஎம் என்ற வசதி சேர்க்கப்பட்டது. இன்று மேகக் கணிமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

இப்படி உருவாகும் கணினியை மெய்நிகர் கணினி என்கிறோம். அதற்கெனத் தனி உலோகப் பெட்டி இல்லை. உண்மையான சர்வரின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு, ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருளின் பெயர் ஹைப்பர்வைசர்.

அடுக்குமாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மெய்நிகர் கணினிகள் அதில் உள்ள வீடுகள். ஹைப்பர்வைசர் கட்டடத்தின் நிர்வாக அலுவலகம். எந்த வீடு யாருடையது, யாருக்கு எத்தனை அறை, எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்பதெல்லாம் அந்த அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கும். ஒருநாள் அலுவலகம் மட்டும் தீப்பிடித்து எரிந்துவிடுகிறது. வீடுகளுக்குச் சேதமில்லை. உள்ளே சாமான்களும் அப்படியே இருக்கின்றன. ஆனால் பதிவேடும் சாவிக்கொத்தும் போய்விட்டன. ஹைப்பர்வைசரின் தொடக்க வட்டு கெடுவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஒரு மெய்நிகர் கணினியில் என்ன இருக்கிறது?

உடைத்துப் பார்த்தால், ஒரு மெய்நிகர் கணினிக்கு இரண்டு பாகங்கள்தான் முக்கியம்.

முதலாவது, அதன் வட்டு. உள்ளே இருக்கும் விண்டோஸ் அல்லது லினக்ஸ், மென்பொருள்கள், ஆவணங்கள், படங்கள் எல்லாம் அதில்தான். நமக்கு அது ஒரு வட்டு. ஹைப்பர்வைசருக்கோ அது ஒரு பெரிய கோப்பு, அல்லது சேமிப்பகத்தில் ஒதுக்கப்பட்ட ஒரு பகுதி. அளவு சில நூறு ஜிகாபைட் இருக்கலாம்.

இரண்டாவது, அதன் விவரக் கோப்பு. இத்தனை செயலிகள், இவ்வளவு நினைவகம், இந்த வகை வலையட்டை, இந்த வட்டு என்று எழுதிவைத்த சில வரிகள்தான் அது. ஒரு பக்கத் தாளில் அச்சிட்டுவிடலாம்.

வட்டும் கணினியும் பிரிக்கக்கூடியவை என்பதற்கு அண்மைய உதாரணம் ஒன்று உண்டு. 2024 ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று. அங்கே கெட்டது ஹைப்பர்வைசர் அன்று. உள்ளே இருந்த விண்டோஸ்தான் எழ மறுத்தது. மேகத்தில் இயங்கிய மெய்நிகர் கணினிகளுக்கு ஒரு மீட்பு வழி சொல்லப்பட்டது. எழாத கணினியின் வட்டைக் கழற்றி, நன்றாக இயங்கும் மற்றொரு மெய்நிகர் கணினியில் இரண்டாவது வட்டாகப் பொருத்த வேண்டும். பிழையான கோப்பை நீக்கிவிட்டு, வட்டைப் பழைய இடத்திலேயே பொருத்த வேண்டும். கணினி எழவில்லை என்றால் தரவு போய்விட்டது என்று பொருள் இல்லை என்பதை இது காட்டியது.

தொடக்க வட்டு ஏன் கெடுகிறது?

ஹைப்பர்வைசர் சிறிய மென்பொருள். அதனால் பல இடங்களில் அதை ஒரு சிறிய எஸ்எஸ்டி வட்டிலோ, யுஎஸ்பி விரலியிலோ, எஸ்டி அட்டையிலோ நிறுவிவந்தார்கள். தரவுக்கு விலை உயர்ந்த பெரிய வட்டுகள். தொடக்கத்துக்கு மலிவான ஒன்று.

இவை எல்லாம் ஃபிளாஷ் நினைவகத்தால் ஆனவை. ஃபிளாஷ் நினைவகத்தில் தரவு மிக நுண்ணிய அறைகளில் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்த அறையைச் சுற்றியுள்ள மின்காப்புப் படலம் சற்றே தேய்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு அந்த அறையால் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்க முடியாது. நல்ல எஸ்எஸ்டி, எழுதும் வேலையை எல்லா அறைகளுக்கும் சமமாகப் பரப்பும். மலிவான யுஎஸ்பி விரலியில் அந்த ஏற்பாடு எளிமையானது. ஹைப்பர்வைசரோ பகலும் இரவும் தன் பதிவுக் குறிப்புகளை எழுதிக்கொண்டே இருக்கும். அதனால் மலிவான தொடக்க வட்டு விரைவில் தேய்கிறது.

இரண்டு வடிவமைப்புகள்

தொடக்க வட்டு போனபின் மீட்பு எளிதா, கடினமா? விவரக் கோப்பு எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்தது அது. பரவலாகப் பயன்படும் இரண்டு ஹைப்பர்வைசர்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ, ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தரவுச் சேமிப்பகத்தில் ஒரு கோப்புறை வைக்கிறது. வட்டுக் கோப்பும் விவரக் கோப்பும் அதே கோப்புறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வீட்டுப் பத்திரத்தை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதைப் போல. தொடக்க வட்டு கெட்டால், புதிய வட்டில் ஈஎஸ்எக்ஸ்ஐயை மீண்டும் நிறுவி, பழைய சேமிப்பகத்தைத் திறந்து, விவரக் கோப்பைக் காட்டிப் பதிவுசெய்தால் போதும். முதல்முறை இயக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கலாம்: இந்தக் கணினியை இடம் மாற்றினீர்களா, நகல் எடுத்தீர்களா? இடம் மாற்றியதாகச் சொன்னால் பழைய அடையாள எண்களே தொடரும். நகல் என்றால் புதிய அடையாளம் உருவாகும். மீட்பில் முதல் பதிலே பொருந்தும்.

பிராக்ஸ்மாக்ஸ் என்பது கேவிஎம்மைப் பயன்படுத்தும் திறந்தநிலை மென்பொருள். 2008ல் வெளியானது. இதில் விவரக் கோப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு சிறிய தரவுத்தளமாகத் தொடக்க வட்டில் இருக்கும். வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் நிர்வாக அலுவலகத்தில் இருப்பதைப் போல. பல சர்வர்கள் ஒரே குழுவாக இயங்கும்போது இந்த ஏற்பாடு மிக வசதியானது. ஒவ்வொரு சர்வரிலும் அதே பதிவேட்டின் பிரதி இருக்கும். ஒன்று எரிந்தாலும் மற்றவற்றில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே சர்வர் மட்டும் இருக்கும் இடத்தில், தொடக்க வட்டோடு எல்லா விவரக் கோப்புகளும் போய்விடும். வட்டுகள் மட்டும் பெயரோடு எஞ்சியிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சர்வரில் இருப்பது ஒரே வட்டு என்றால், ஹைப்பர்வைசரும் மெய்நிகர் வட்டுகளும் அதிலேயே இருக்கும். அது கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். தொடக்கத்துக்கு ஒரு வட்டு, தரவுக்கு வேறு வட்டு என்று பிரித்து வைத்தவர்களுக்குத்தான் இங்கே சொல்லும் மீட்பு கைகொடுக்கும்.

முதல் மணி நேரம்

தரவு பெரும்பாலும் அழிவது இந்த நேரத்தில்தான். எனவே அனுபவம் உள்ளவர்கள் முதலில் செய்வதைவிட, செய்யாமல் இருப்பதில் கவனமாக இருப்பார்கள்.

முதலாவது, சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைக்கமாட்டார்கள். ஹைப்பர்வைசரின் முக்கியப் பகுதிகள் நினைவகத்தில் ஏற்றப்பட்டிருப்பதால், தொடக்க வட்டு கெட்ட பிறகும் மெய்நிகர் கணினிகள் சில நேரம் வழக்கம்போல் இயங்கலாம். அணைத்தால் மீண்டும் எழாது. ஆகவே முதலில் உள்ளே இருக்கும் கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுப்பார்கள். எந்தக் கணினிக்கு எவ்வளவு நினைவகம், எந்த வலையட்டை எண் என்பதையும் குறித்துக்கொள்வார்கள். கேவிஎம்மில் ஓடும் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் லினக்ஸின் பார்வையில் ஒரு செயல்முறை. அதைத் தொடங்கிய நீண்ட கட்டளை வரியிலேயே இந்த விவரங்கள் எல்லாம் இருக்கும். பதிவேடு எரிந்துபோனாலும், ஓடிக்கொண்டிருக்கும் கணினியே அதை ஒப்புவிக்கும்.

இரண்டாவது, தரவு வட்டுகளைக் கழற்றிவைத்த பிறகே புதிய வட்டில் ஹைப்பர்வைசரை நிறுவுவார்கள். நிறுவும் மென்பொருள், எந்த வட்டில் நிறுவட்டும் என்று ஒரு பட்டியலைக் காட்டும். அதில் தவறான வரியைத் தேர்ந்தெடுத்தால், அதுவரை நலமாக இருந்த தரவு வட்டு துடைக்கப்பட்டுவிடும். பழுது தொடாததை மனிதக் கை அழித்துவிடும். கழற்றிவைத்த வட்டைத் தவறுதலாகத் தேர்ந்தெடுக்க முடியாது.

மூன்றாவது, பழைய தொடக்க வட்டைக் குப்பையில் போடமாட்டார்கள். அது முழுவதும் செத்திருக்க வேண்டும் என்பதில்லை. டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள், கெட்ட வட்டில் நல்ல நிலையில் உள்ள பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, பிறகே சிரமமான பகுதிகளுக்குத் திரும்பி வரும். நமக்கு வேண்டியது சில கிலோபைட் அளவுள்ள விவரக் கோப்புகள் மட்டுமே. அவை நல்ல பகுதியில் இருந்தால் வேலை பாதி முடிந்தது.

பதிவேடு இல்லாமல் வீட்டைக் கண்டுபிடித்தல்

விவரக் கோப்புகள் கிடைக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப் பிராக்ஸ்மாக்ஸ் சர்வரில் மீட்பு எப்படி நடக்கிறது?

புதிய வட்டில் ஹைப்பர்வைசரை நிறுவிய பின், தரவு வட்டுகளைத் திரும்பப் பொருத்துகிறார்கள். அவை இசட்எஃப்எஸ் என்ற முறையில் அமைந்திருந்தால், தம்மைப் பற்றிய விவரத்தை அவையே வைத்திருக்கும். ஒவ்வொரு வட்டிலும் முன்பகுதியில் இரண்டு, பின்பகுதியில் இரண்டு என நான்கு இடங்களில் அந்த முத்திரை எழுதப்பட்டிருக்கும். எந்தெந்த வட்டுகள் ஒரே தொகுப்பைச் சேர்ந்தவை என்பதை அதைக் கொண்டு புதிய ஹைப்பர்வைசர் கண்டுபிடிக்கிறது. இந்தத் தொகுப்பு வேறொரு கணினிக்குச் சொந்தமானது என்று முதலில் தயங்கும். நிர்வாகி உறுதிப்படுத்தினால் ஏற்றுக்கொள்ளும்.

உள்ளே மெய்நிகர் வட்டுகள் ஒழுங்கான பெயர்களோடு இருக்கும். ஒவ்வொரு பெயரிலும் அந்த வட்டு எந்த மெய்நிகர் கணினிக்கு உரியது என்ற எண் உண்டு. 100 என்று இருந்தால் அது 100ஆம் எண் கணினியின் வட்டு. வீட்டுக் கதவில் எண் எழுதியிருப்பதைப் போல. அதே எண்ணில் வெற்று மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, அந்த வட்டை அதில் இணைக்க வேண்டும்.

இங்கே சில இடங்களில் கால் தடுக்கும். பழைய கணினி எழும் முறை பயாஸா, யுஇஎஃப்ஐயா? மாற்றிக் கொடுத்தால் அது எழாது. வட்டில் யுஇஎஃப்ஐக்கு உரிய சிறு பகுதி இருக்கிறதா என்று பார்த்து ஊகிக்கலாம். வட்டு எந்த வகைக் கட்டுப்பாட்டியில் இணைக்கப்பட்டிருந்தது? விண்டோஸுக்குத் தெரியாத வகையைக் கொடுத்தால் நீலத் திரையோடு நின்றுவிடும். வலையட்டையின் எண் மாறினால், கணினி எழுந்தாலும் அதன் பழைய வலை முகவரி கிடைக்காமல் போகலாம். இவை எதுவும் தரவை அழிப்பதில்லை. சரியான விடை கிடைக்கும்வரை பொறுமையாக மாற்றிப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் வட்டின் நகலோ ஸ்னாப்ஷாட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

தரவை உண்மையிலேயே கெடுக்கக்கூடியவை வேறு. ஒரே மெய்நிகர் வட்டை இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் இயக்கினால், இரண்டும் அதில் எழுதி அதைச் சிதைத்துவிடும். அதேபோல, விஎம்வேரில் ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால், அதற்குப் பிந்தைய மாற்றங்கள் தனிக் கோப்பில் சங்கிலித் தொடராக இருக்கும். அதைக் கவனிக்காமல் அடிப்படை வட்டை மட்டும் இணைத்து இயக்கினால், பழைய காலத்துக்குப் போய்விடுவோம், சங்கிலியும் அறுந்துவிடும். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டு, அதன் திறவுச்சொல் கெட்டுப்போன தொடக்க வட்டில் மட்டும் இருந்தால், எந்தத் திறமையும் உதவாது. பூட்டு உறுதியானது, சாவி எரிந்துவிட்டது.

நகல் இருந்தால் போதுமா?

இவ்வளவு அலைச்சலையும் தவிர்க்க எளிய வழிகள் உண்டு. இரண்டு சிறிய வட்டுகளில் ஒரே தொடக்கத் தரவை இரட்டையாக எழுதலாம். ஒன்று கெட்டாலும் மற்றொன்று தொடக்கிவைக்கும். விவரக் கோப்புகளை நாள்தோறும் வேறொரு கணினிக்கு நகலெடுக்கலாம். சில கிலோபைட்தான், ஒரு நொடிகூட ஆகாது. பிராக்ஸ்மாக்ஸின் முழுக் காப்பு நகலில் வட்டோடு விவரக் கோப்பும் சேர்ந்தே இருக்கும்.

காப்பு நகலுக்கு 3-2-1 என்ற விதியை ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பினார். தரவின் மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று வேறு இடத்தில். இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: நகலில் இருந்து மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் தேதி நடந்தது அதற்குச் சான்று. பொறியாளர் ஒருவர் துணைச் சர்வரில் காலிசெய்ய நினைத்த கோப்புறையை முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். 300 ஜிகாபைட் அளவில் இருந்த தரவில் சுமார் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியது. காப்பு நகல்களைத் தேடியபோது, மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அன்றாட நகல் எடுக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு வேறொரு காரணத்துக்காக எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. நிறுவனம் நடந்ததை மறைக்காமல் வெளியிட்டதால்தான் இன்று நாமும் அதில் இருந்து கற்க முடிகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

இந்த மீட்பை வீட்டுக் கணினியிலேயே ஆபத்தின்றிப் பழகலாம். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளும், ஏதேனும் ஒரு சிறிய லினக்ஸும் போதும்.

1. ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதில் லினக்ஸை நிறுவுங்கள். உள்ளே ஓர் உரைக் கோப்பில் உங்கள் பெயரை எழுதிச் சேமியுங்கள்.

2. கணினியை முறைப்படி நிறுத்துங்கள். அதன் நினைவக அளவு, வட்டு இணைக்கப்பட்ட வகை, வலையட்டை எண், எழும் முறை ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

3. பட்டியலில் இருந்து அதை நீக்குங்கள். கோப்புகளை அழிக்கவா என்று கேட்கும்போது, பட்டியலில் இருந்து மட்டும் நீக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதன் கோப்புறையில் உள்ள விவரக் கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். இப்போது உங்களிடம் மிஞ்சியது வட்டுக் கோப்பு மட்டும்.

4. வேறு பெயரில் புதிய மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்குங்கள். வட்டு கேட்கும் இடத்தில், ஏற்கெனவே உள்ள வட்டுக் கோப்பைக் காட்டுங்கள். இயக்குங்கள்.

உங்கள் பெயர் எழுதிய கோப்பு அங்கே இருக்கும். வலையட்டை எண் மட்டும் மாறியிருக்கும். தாளில் உள்ள பழைய எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்து, எழும் முறையை வேண்டுமென்றே மாற்றிவிட்டு என்ன ஆகிறது என்று கவனியுங்கள். எழாது, ஆனால் பழைய முறைக்குத் திருப்பியதும் மீண்டும் எழும். 'கெட்டுவிட்டது' என்பதற்கும் 'எழவில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாடு அப்போது கண்முன் தெரியும். அந்த ஒரு தாளில் நீங்கள் எழுதிய நான்கு வரிகளின் மதிப்பும் தெரியும்.